சுவான்சௌ: பிள்ளைகளுடன் சீன மரபைக் காணச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சீனப் பண்பாட்டைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய விரும்பும் பெற்றோரும் ஆசிரியரும் பெரும்பாலும் பெய்ஜிங் அரண்மனை நகரையும் பெருஞ்சுவரையுமே முதலில் எண்ணுகின்றனர். அவை காணத்தக்கனவே, எனினும், பேரரசின் பெருமிதத்தை உணர்த்தும் அளவுக்கு மக்கள் இன்றும் கைக்கொண்டுள்ள வழிபாட்டையும் கலையையும் தொழிலையும் அவை உணர்த்துவதில்லை. அதற்கு ஏற்ற ஊர், தென்கிழக்கு மாகாணமான ஃபூஜியனின் கடற்கரையில் உள்ள சுவான்சௌ. சோங் (960–1279), யுவான் (1271–1368) ஆகிய அரச மரபுகளின் காலத்தில் உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய இவ்வூரை அரபு வணிகர்கள் சைத்தூன் என்றனர். மார்க்கோ போலோவின் பயணக் குறிப்புகளிலும் அப்பெயரே காணப்படுகிறது. அப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் மரம், தமிழ்நாட்டு வேலியோரங்களில் சிவந்து பூக்கும் கல்யாண முருங்கையே. 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 22 இடங்களை ஒருசேர உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் பிள்ளைகளுக்கு உகந்தவை பலவும் பழைய நகரின் குறுகிய எல்லைக்குள், நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன.

பயணச்சீட்டு வாங்கும்போது ஒரு கவனம் தேவை. குவாங்சௌ என்பது வேறொரு பெருநகரம். ஒலியொப்புமையால் இரண்டும் எளிதில் குழம்பக்கூடியவை. சுவான்சௌவுக்கு அருகில் ஜின்ஜியாங் விமான நிலையம் உண்டு. எனினும் சியாமென் நகரில் இறங்கி அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வந்து சேர்வதே பலருக்கும் வசதியானது. ரயில் சீட்டு கடவுச்சீட்டு எண்ணைக் கொண்டே வழங்கப்படுவதால் பிள்ளைகளின் கடவுச்சீட்டுகளையும் கையில் வைத்திருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் விசா பெற்றே செல்ல வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு நடைமுறையில் உள்ளது எனினும், இத்தகைய விதிகள் மாறுவன என்பதால் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ளுதல் நலம். கடைகளிலும் வண்டிகளிலும் அலிபே, வீசாட் ஆகிய கைப்பேசிச் செயலிகள் வழியாகவே பணம் செலுத்துவது வழக்கமாகிவிட்டதால், அவற்றுள் ஒன்றை ஊரில் இருக்கும்போதே வங்கி அட்டையுடன் இணைத்துக்கொள்வது பின்னர் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

முதல் நாள் முழுவதையும் கையுவான் கோயிலுக்கே ஒதுக்கலாம். 686-இல் தோற்றுவிக்கப்பட்ட இப்பௌத்தக் கோயில் எழுந்த நிலம் ஒரு முசுக்கட்டைத் தோட்டம் என்றும், உரிமையாளர் தம் மரங்களில் தாமரை பூத்தால் நிலத்தைத் தருவதாகச் சொல்ல, அவ்வாறே பூத்தது என்றும் தலபுராணம் கூறுகிறது. பட்டுப்புழுவுக்கு இலை தரும் அம்மரங்களுள் மிகப் பழையதொன்று இன்றும் வளாகத்தில் நிற்பதால், கதையை மரத்தடியிலேயே சொல்ல முடியும். முதன்மை மண்டபத்தை நூறு தூண் மண்டபம் என்று வழங்குகின்றனர். உண்மையில் தூண்கள் நூற்றுக்குக் குறைவானவையே. எண்ணிப் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். உள்ளே நின்று மேலே நோக்கினால், தூண் உச்சியில் கூரையைத் தாங்கும் மரத் தாங்குகைகளில் சிறகு விரித்த 24 பெண்ணுருவங்கள் தெரியும். இசைக்கருவிகளையும் காணிக்கைப் பொருள்களையும் ஏந்திய இவ்வுருவங்கள் அணியாக மட்டுமன்றி, கட்டடத்தின் சுமை தாங்கும் உறுப்பாகவும் அமைந்திருப்பது சீன மரத்தச்சின் நுட்பம்.

மண்டபத்தின் பின்புறத்துக்குச் செல்லாமலே திரும்பிவிடுவோர் மிகுதி. அங்கே பின்வாயிலின் இருபுறமும் நிற்கும் இரு கருங்கல் தூண்கள் சீனத் தச்சு முறையைச் சார்ந்தவை அல்ல. பதினாறு பட்டைகள் கொண்ட அத்தூண்களின் சதுரப் பகுதிகளில் வட்டச் சட்டங்களுக்குள் திருமாலின் கதைகள் செதுக்கப்பட்டுள்ளன. இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மரையும் கண்ணனின் இளமைக் குறும்புகளையும் தமிழ்ப் பிள்ளைகள் எவர் துணையுமின்றியே அடையாளம் கண்டுகொள்வர். மண்டபத்தின் முன்மேடையைச் சுற்றிலும் சிங்கங்களும் மனிதமுகம் கொண்ட சிங்க உருவங்களுமாக அமைந்த கற்பலகைகளும் இவ்வகையினவே. இங்கு வாழ்ந்த தென்னிந்திய வணிகர்கள் எழுப்பிய கோயில் அழிந்த பின், மிங் காலத்தில் (1368–1644) இம்மண்டபத்தைப் பழுதுபார்த்தோர் அதன் கற்களை வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டனர் என்பது ஆய்வாளர் கருத்து. அவ்வணிகர் இருப்புக்கு எழுத்துச் சான்றும் உண்டு: 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த, இறுதியில் ஒரு சீன வரியும் கொண்ட தமிழ்க் கல்வெட்டொன்று 1956-இல் இந்நகரில் கண்டெடுக்கப்பட்டது; அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியக் கானின் உடல்நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்குச் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததை அது தெரிவிக்கிறது.

மண்டபத்துக்கு முன்னே கிழக்கிலும் மேற்கிலும் நிற்கும் இரு பகோடாக்கள், அதாவது பௌத்த அடுக்குக் கோபுரங்கள், 13-ஆம் நூற்றாண்டில் முழுவதும் கல்லால் கட்டப்பட்டவை. ஐந்து அடுக்குகளும் எட்டுப் பக்கங்களும் கொண்ட இவை 1604-இல் அப்பகுதியைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றன. மேற்குக் கோபுரத்தின் நான்காம் அடுக்கில், வாளேந்திய குரங்கு முகத்து வீரன் ஒருவனின் புடைப்புச் சிற்பத்தைத் தொலைநோக்கி கொண்டு தேட வேண்டும். சீனச் சிறுவர் அனைவரும் அறிந்த குரங்கரசன் சுன் வுகோங்கின் முன்னோடி வடிவமாக அறிஞர் கருதும் இச்சிற்பம், அவன் புகழைப் பரப்பிய ‘மேற்குப் பயணம்’ என்னும் 16-ஆம் நூற்றாண்டுப் புதினத்துக்கு ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் முற்பட்டது. அனுமனின் சாயல் அதில் உண்டா என்பது இன்றும் தீராத வாதம். இரு கதைகளையும் கேட்ட பிள்ளைகள் தாமே ஒரு முடிவுக்கு வரட்டும். அக்குரங்கன் காவலாகச் செல்லும் துறவி கற்பனையன்று. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து காஞ்சிபுரம் வரை சென்ற யுவான் சுவாங்கே அவர்.

அதே வளாகத்தில், பழங்கப்பல் கூடத்தில், 1974-இல் கடற்கரைச் சேற்றிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட சோங் காலக் கப்பலின் எஞ்சிய அடிப்பகுதி வைக்கப்பட்டுள்ளது. 24 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள அதன் உட்புறத்தைக் குறுக்குப் பலகைகள் 13 அறைகளாகப் பிரிப்பதைக் காணலாம். ஓர் அறை உடைந்து நீர் புகுந்தாலும் மற்றவை காய்ந்தே இருக்கும் என்பதால் கப்பல் எளிதில் மூழ்காது. நீர்புகாத் தடுப்பறை எனப்படும் இந்நுட்பத்தைச் சீனக் கப்பல் தச்சர் ஐரோப்பியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறிந்திருந்தனர். நறுமண மரங்களும் மிளகும் கொட்டைப்பாக்கும் அதில் கிடைத்தன. மாலுமிகள் ஆடிய சீனச் சதுரங்கக் காய்களும் கிடைத்தன. அடிமரத்தின் இணைப்பில் தச்சர் செம்பு நாணயங்களையும் ஒரு வெண்கலக் கண்ணாடியையும் மங்கலத்துக்காகப் பொதிந்து வைத்திருந்தனர். கடல்வழி வணிகத்தில் ஆர்வம் கொண்ட மாணவர்கள் இதன் தொடர்ச்சியாகக் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் செல்லலாம். அங்குள்ள அரபு, சிரியாக்கு எழுத்துக் கல்லறைக் கற்கள் மிகச் சிறியோருக்குச் சலிப்பூட்டலாம் எனினும், இலிங்கத்தை யானை வழிபடும் சிற்பம் திருவானைக்கா கதையறிந்த எவரையும் நிறுத்திவிடும். சீன அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடப்படுவன என்பதை நினைவில் கொள்க.

இரண்டாம் நாள் துமென் தெருவில் தொடங்கட்டும். 1009-இல் நிறுவப்பட்ட சிங்ஜிங் பள்ளிவாசலும் குவான்தி கோயிலும் அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. கன்பூசியஸ் கோயிலும் தொலைவிலில்லை. குவான்தி என்பவர் மூன்றாம் நூற்றாண்டு வரை வாழ்ந்த படைத்தலைவர் குவான் யூ. வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்டுப் பின்னாளில் தெய்வமானவர். வணிகர்கள் அவரை வழிபடுவதற்கு அதுவே காரணம். இக்கோயிலில் பிள்ளைகள் காண வேண்டியது சிலையைவிட வழிபடும் முறையையே. பிறை வடிவில், ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் செய்த இரு மரத்துண்டுகளை அடியார் கைகளில் ஏந்தி, கேள்வியை மனத்துள் சொல்லித் தரையில் விடுகின்றனர். ஒன்று தட்டையாகவும் மற்றொன்று குவிந்தும் விழுந்தால் தெய்வம் இசைந்தது, இரண்டும் குவிந்து விழுந்தால் இசையவில்லை, இரண்டும் தட்டையாக விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது, மீண்டும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பதை ஒத்த இவ்வழக்கத்தைத் தொலைவில் நின்று பார்க்கலாம். வழிபடுவோரின் முகத்துக்கு நேராகப் படமெடுக்கலாகாது. பழைய நகரின் தென்பகுதியில், 1196-இல் எழுந்த தியான்ஹௌ கோயில், கடலோடிகளைக் காக்கும் தெய்வமான மாட்சுவுக்குரியது.

மாலையில் பொம்மலாட்டம். சுவான்சௌவின் நூல் பொம்மைகள் பொதுவாகப் பதினாறு நூல்களால் இயக்கப்படுவன. நுட்பமான அசைவுகளுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் கூடப் பயன்படும். பொம்மை குடத்திலிருந்து கிண்ணத்தில் ஊற்றுவதையும், வாளை உறையிலிருந்து உருவி மீண்டும் செருகுவதையும் காணும்போது, மேலே கலைஞரின் விரல்கள் நிகழ்த்தும் வேலையைப் பார்க்குமாறு பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ஃபூஜியன் பொம்மலாட்டக் கலைஞர்கள் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கும் முறையை யுனெஸ்கோ 2012-இல் நற்காப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது. நான்யின் எனப்படும் பழைய இசைமரபு இதைவிட மெல்லியது. சீனத்தின் பிற பகுதிகளில் நிமிர்த்திப் பிடிக்கும் பீப்பா என்னும் நரம்புக் கருவியை இங்குக் கிடைமட்டமாகப் பிடித்து மீட்டுகின்றனர். அதன் நிதானம் சிறுவரின் பொறுமையைச் சோதிக்கும். தேநீர் அருந்தியவாறு அரைமணி நேரம் கேட்டால் போதும்.

மூன்றாம் நாளுக்கு உரியது, நகருக்கு வடகிழக்கே உள்ள லோயாங் பாலம். ஆட்சியர் சாய் சியாங்கின் மேற்பார்வையில் 1053 முதல் 1059 வரை கட்டப்பட்ட இப்பாலத்தின் தூண்கள், நீரோட்டத்தைப் பிளக்கும் வகையில் படகின் முனைபோல் கூராக அமைந்தவை. அடித்தளக் கற்களின் மேல் சிப்பிகளை வளர்த்து, அவை சுரக்கும் சுண்ணத்தால் கற்கள் ஒன்றோடொன்று பிணையுமாறு செய்தது அக்காலப் பொறியாளரின் அறிவு. நீர் வற்றும் வேளையில் சென்றால் மட்டுமே சிப்பி அப்பிய கற்களைக் காண முடியும். ஆகவே விடுதியில் ஓதநேரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். சிப்பியோட்டுச் சுவர் வீடுகளுக்கும் பெண்களின் மலர்க் கொண்டைக்கும் பெயர்பெற்ற சுன்பு மீனவச் சிற்றூர், அக்கொண்டையை வாடகைக்கு அணிந்து படமெடுக்க வருவோரால் இப்போது நிரம்பி வழிகிறது. காலையிலேயே சென்று திரும்பாவிடில் பார்ப்பதற்குக் கூட்டமே மிஞ்சும்.

உணவைப் பொறுத்தவரை, சிப்பி முட்டை அடையும், நூலிழை போன்ற மெல்லிய சேமியாவைக் குழைத்த கஞ்சியும் இவ்வூருக்கு உரியவை. கஞ்சியிலும் இறைச்சி அல்லது கடலுணவுச் சாறு கலந்திருக்கும். சைவ உணவினர் பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களை நாடுவது நல்லது. முட்டையும் மீன்சாறும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் எழுதிய அட்டையொன்று எங்கும் உதவும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வெப்பமும் சூறாவளியும் இருப்பதால் அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரையும், மார்ச், ஏப்ரலிலும் பயணம் செய்யலாம். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருவிழா இங்கு மிகச் சிறப்பானது. அந்நாள்களிலும், அக்டோபர் முதல் வார தேசிய விடுமுறையிலும் விடுதியும் ரயில் சீட்டும் முன்பதிவு செய்யாமல் பிள்ளைகளுடன் புறப்பட வேண்டாம்.