'உல்தெரியோர்' என்னும் ஸ்பானியச் சொல்

அந்நிய பாஷைச் சொற்களை நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே நோக்குகின்றோம். அதனால் நேரும் பிழைக்கு ஸ்பானிய மொழியின் 'உல்தெரியோர்' என்னும் பெயரடை தக்க சான்றாகும். ஆங்கிலத்தில் அதே எழுத்துக்களையுடைய சொல் பெரும்பாலும் மறைவான நோக்கத்தையே சுட்டும். ஆதலின் ஸ்பானியக் கடிதமொன்றில் 'நொத்தீசியாஸ் உல்தெரியோரெஸ்' என்று காணின், எழுதியவர்மீது வீணே ஐயங்கொள்வோம். அதன் பொருளோ 'பின்னர் வந்த செய்திகள்' என்பதே.

இச்சொல்லின் முதற்பொருள் இடம்பற்றியது. கி.மு. 197-இல் ரோமர் தம் ஸ்பானிய நிலத்தை இரு மாகாணங்களாக வகுத்து, தமக்குச் சேய்மையான தென்பகுதியை 'ஹிஸ்பானியா உல்தெரியோர்', அதாவது அப்பாலுள்ள ஹிஸ்பானியா, என்றனர். இடத்தால் அப்பாலுள்ளதைக் குறித்த சொல் காலத்தால் பின்வருவதையும் குறிப்பதாயிற்று. தமிழிலும் 'மலைக்கு அப்பால்', 'அப்பால் வருகிறேன்' என இருபொருளும் வழங்குதல் காண்க.

நிலப்பெயரோடு வரின் இடமும், நிகழ்ச்சிப்பெயரோடு வரின் காலமும் கொள்க. பிறரை ஐயுறுமுன் அவர் சொல்லை அறிதல் நம் கடன்.