பதிவேடு சொல்லும் பழுது

1997 முதல் மலேசிய அரசு மருத்துவமனைகளின் இயந்திரங்களை ஒப்பந்த நிறுவனங்களே பராமரிக்கின்றன. குளுவாங் மருத்துவமனையும் அதில் அடங்கும். ஒப்பந்ததாரர் மட்டும் போதுமா?

நீரால் வெப்பம் தணிக்கும் பெரிய குளிரூட்டியை எண்ணிப் பாருங்கள். குழாய்களில் சுண்ணாம்பு படிந்தால், குளிர்பதன வாயு திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி கூடும். இன்று வந்த தொழில்நுட்பர் 4 டிகிரி என அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது இயல்பா, பழுதா? கட்டட மேலாளரின் பதிவேட்டைப் புரட்டுகிறார்: ஆறு மாதத்திற்கு முன் 1.5 டிகிரி. ஆகவே, முதலில் குழாயைத் துலக்க வேண்டும். கம்ப்ரசரைக் கழற்ற வேண்டியதில்லை. கவனிக்காமல் விட்டால் மின்கட்டணம் ஏறும். அழுத்தம் மிகுந்து இயந்திரம் நின்றால் அறுவைச் சிகிச்சையும் தள்ளிப்போகலாம்.

மருத்துவருக்கு நோயாளியின் பழைய அட்டை எப்படியோ, ஒப்பந்ததாரருக்கு இப்பதிவேடு அப்படி. உங்கள் கட்டடத்தில் அதை எழுதுபவர் யார்?