மோட்டார் வண்டியின் பிரேக் விளக்கு ஸ்விட்சு

பிரேக் விளக்குகள் எரியாமற் போனால், பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுபவர் அதனை அறிவதில்லை. பின்னால் வருபவரே அறிகிறார்; சில வேளைகளில் மோதிய பிறகே அறிகிறார். இக்குறையை வீட்டிலேயே கண்டறிதல் கடினமன்று. ஸ்விட்சு இருக்குமிடம் தெரிய வேண்டும், அவ்வளவே.

அதற்கு ஒரு பொது விதி உண்டு. ஓட்டுநர் கையால் இயக்கும் ஸ்விட்சுகளை விடுத்தால், ஏனையவை தாம் அறிவிக்க வேண்டிய அசைவோ அழுத்தமோ நிகழும் இடத்திலேயே அமைந்திருக்கும். கதவு திறந்ததும் உள்விளக்கை ஏற்றும் ஸ்விட்சு கதவுப் பக்கத்திலும், எண்ணெய் அழுத்தத்தை அறிவிப்பது எஞ்சின் உடலிலும் இருக்கும். ஆதலின் பிரேக் விளக்கின் ஸ்விட்சைப் பிரேக் மிதியின் மேற்பகுதியில், அதன் தண்டை ஒட்டித் தேட வேண்டும்.

பழைய ஜீப்புகள் பலவற்றில் இது பிரேக் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. மாஸ்டர் சிலிண்டரிலோ அதனைச் சார்ந்த குழாயிலோ திருகப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் எண்ணெய் கசியும். குழாயினுள் காற்று புகுந்து பிரேக்கே தளர்ந்துவிடும். அங்கே கம்பி முனைகளைத் துடைத்து இறுக்குவதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

சோதனைக்கு முன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஒரு பக்க விளக்கு மட்டும் எரியாவிடில் குறை பெரும்பாலும் பல்பிலோ அதன் இணைப்பிலோ இருக்கும். எல்லாம் ஒருங்கே அணைந்திருப்பின் முதலில் பியூஸையும், பின்னர் ஸ்விட்சையும் ஐயுற வேண்டும். இரண்டே கம்பிகள் செல்லும் ஸ்விட்சாயின், அக்கம்பிகளைக் கழற்றி, அவற்றின் முனைகளைச் சிறு கம்பித் துண்டால் இணைக்கலாம். சில வண்டிகளில் இதற்குச் சாவியைத் திருப்பி வைக்கவும் வேண்டும். விளக்குகள் எரிந்தால் குறை ஸ்விட்சில்தான். புதிய வண்டிகளில் நான்கு கம்பிகள் செல்வதும் உண்டு. அவற்றுள் சில எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிக்குச் செய்தி கொண்டு செல்பவை. அவ்வண்டிக்குரிய கம்பி வரைபடம் கையில் இன்றி அங்கே இவ்வாறு இணைத்தலாகாது. அருகே மஞ்சள் நிற இணைப்பு தென்படின் அது பெரும்பாலும் காற்றுப் பைக்குரியது, தொடவே கூடாது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. மிதியை விட்ட பின்னும் விளக்குகள் அணைவதில்லை. இரவு முழுதும் எரிந்து பாட்டரி தீர்ந்துவிடுகிறது. பலரும் உடனே புதிய ஸ்விட்சு வாங்குகின்றனர். பொதுவாக, மிதி ஓய்ந்திருக்கும்போது அதன் தண்டு ஸ்விட்சின் முளையை உள்ளே அழுத்தி மின்னோட்டத்தைத் தடுக்கிறது. மிதித்ததும் முளை வெளிவந்து விளக்கு எரிகிறது. சில வண்டிகளில் தண்டின் துளையில் ஒரு சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் பொருத்தப்பட்டு, அதுவே முளையை அழுத்துகிறது. நாட்பட அது நொறுங்கி விழுந்தால், முளை துளையினுள் நுழைந்துகொள்ளும். ஸ்விட்சு பழுதின்றியே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆகவே முதலில் கால் விரிப்பின் மீது நொறுங்கிய துண்டுகள் கிடக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பொத்தானை மாற்றுவதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

வேலை முடிந்ததும் விளக்கைப் பார்த்துச் சொல்லத் துணைக்கு ஆள் இல்லையெனில், அந்திப்பொழுதில் வண்டியின் பின்புறத்தை ஒரு வெள்ளைச் சுவருக்கு அருகே நிறுத்தலாம். மிதிக்கும்போது சுவரிற் படும் சிவப்பொளி ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்.