கடவுளோடு வழக்காடிய நோட்டுப் புத்தகங்கள்

1961-ல் லண்டனின் ஃபேபர் பதிப்பகம் ஒரு சிறிய புத்தகத்தை வெளியிட்டது. ஆசிரியர் பெயர் என்.டபிள்யூ. கிளார்க். மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் தனக்காக எழுதிவைத்துக்கொண்ட குறிப்புகள் அவை. அந்தச் சமயம் மனைவியை இழந்து தவித்துக்கொண்டிருந்த எழுத்தாளர் சி.எஸ். லூயிஸுக்கு, ஆறுதலாக இருக்கும் என்று சொல்லி அதே புத்தகத்தைச் சிபாரிசு செய்தவர்களும் உண்டு. கிளார்க் என்பதே லூயிஸின் புனைபெயர்தான் என்பது பாவம், அவர்களுக்குத் தெரியாது.

அவர் பெயரை மறைத்ததில் ஆச்சரியம் இல்லை. லூயிஸ் என்றாலே கடவுள் நம்பிக்கைக்காக வாதாடுகிறவர் என்றுதான் உலகம் அறிந்திருந்தது. துன்பத்தைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்று விளக்கி 1940-லேயே ஒரு நூல் எழுதியவர். உலகப்போர் நடந்த ஆண்டுகளில் பி.பி.சி. வானொலியில் கிறிஸ்தவம் பற்றிப் பேசியவர். அப்படிப்பட்டவர் தன் வீட்டில் சாவு விழுந்தபோது, கடவுளைக் கூப்பிட்டால் பதிலே இல்லை என்று எழுதினார். கடவுள் இல்லையோ என்ற பயத்தைவிட, அவர் கொடியவராக இருந்துவிடுவாரோ என்ற பயம்தான் அவரை அதிகம் ஆட்டியது.

சாவு அவருக்குப் புதிதல்ல. 1898-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்த லூயிஸுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, 1908 ஆகஸ்டில், புற்றுநோயால் தாய் இறந்தார். அம்மா பிழைக்க வேண்டும் என்று அந்தச் சிறுவன் வேண்டியது நடக்கவில்லை. பதின்ம வயதிலேயே நம்பிக்கையை உதறிவிட்டார். திரும்பி வந்தது 1931-ல், முப்பத்திரண்டு வயதில். ஆக்ஸ்ஃபோர்டின் மாடலின் கல்லூரி நடைபாதையில் நண்பர் டோல்கீனோடும் ஹியூகோ டைசனோடும் ஓர் இரவு நெடுநேரம் பேசியது அதற்குப் பெரிய காரணம்.

மனைவி ஜாய் டேவிட்மன் அமெரிக்கக் கவிஞர். இரண்டு பையன்களின் தாய். அவர் இங்கிலாந்தில் தொடர்ந்து தங்குவதற்காக 1956-ல் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு தொடை எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனபோதுதான் புற்றுநோய் எலும்புவரை பரவியிருப்பது தெரிந்தது. 1957 மார்ச்சில், மருத்துவமனைக் கட்டிலருகே ஒரு பாதிரியார் ஜெபித்து, திருச்சபை முறைப்படி மீண்டும் மணம் செய்துவைத்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி ஜாய் எழுந்து நடமாடினார். 1960 ஏப்ரலில் இருவரும் கிரேக்கத்துக்குக்கூடப் போய்வந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 13-ம் தேதி ஜாய் இறந்தார். வயது 45.

வீட்டில் கிடந்த பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து லூயிஸ் எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நான்கு நோட்டுகள் நிரம்பின. துக்கத்துக்கு முடிவே இருக்காது என்பதால், எழுதுவதற்கென்று புதிய நோட்டு வாங்குவதில்லை என்று அவரே ஓர் எல்லையும் வைத்துக்கொண்டார். இழப்பில் இருப்பவர்கள் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் காட்ட வேண்டாம். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம். மனதில் சுற்றிச் சுற்றி வரும் ஒரே கேள்வியைத் தாளில் இறக்கிவிட்டால், அடுத்த நாள் அதை எதிரே வைத்துப் பார்க்க முடியும். முதல் நோட்டில் கொதித்ததைப் பின்னால் வரும் பக்கங்களில் லூயிஸே மறுத்து எழுதுகிறார்.

துக்கத்தில் இருப்பவர்கள் மறைக்க வேண்டாத இன்னொன்று, கடவுள்மேல் உள்ள கோபம். ‘கடவுளைக் குறை சொல்லாதே, பாவம்’ என்று அடக்குகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு. விவிலியம் அப்படி அடக்கவில்லை. 88-ம் சங்கீதம் புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு நன்றிகூட இல்லை. ஆனாலும் அது ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. பத்துப் பிள்ளைகளை இழந்த யோபு கடவுளை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார். கதை முடிவில் கடவுள் கடிந்துகொள்வது யோபுவின் நண்பர்களை. தமக்காகப் பரிந்து பேசியவர்களை!

அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாளும் வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இது. ‘நல்லவங்களத்தான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்குது’ என்பது போன்ற பேச்சு, சொல்கிறவரின் சங்கடத்தைத்தான் தீர்க்கும். மதம் தரும் ஆறுதலைப் பற்றி எளிதாகப் பேசுகிறவர்களை லூயிஸாலும் தாங்க முடியவில்லை. தன்னைக் கண்டதும் என்ன பேசுவது என்று தெரியாமல் மனிதர்கள் நெளிவதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார்.

சரி, ஆறுதல் எப்போது வந்தது? தேடித் துடித்த நாட்களில் வரவில்லை. ஒரு நாள் காலை, முந்தைய இரவு நன்றாகத் தூங்கி, உடம்பு அசதி கொஞ்சம் நீங்கியிருந்த நேரத்தில், மனம் லேசானதை உணர்ந்தார். அழுகை குறைந்த அந்தத் தருணத்தில்தான் ஜாய் மிகத் தெளிவாக நினைவுக்கு வந்தார். கடவுள் தன் முகத்துக்கு நேரே அடைத்துவிட்டதாகத் தோன்றிய கதவும் அப்போது அடைத்ததாகத் தோன்றவில்லை. தன் தவிப்பின் கூச்சலே பதிலைக் கேட்கவிடாமல் செய்ததோ என்று அவர் யோசிக்கிறார். பட்டினி கிடந்து, கண் விழித்து, உடம்பை வதைத்துக்கொள்கிறவர்கள் ஜெபத்தில் எதுவுமே உணர முடியவில்லை என்று தங்கள் பக்தியை நொந்துகொள்ள வேண்டியதில்லை. முதலில் சாப்பாடு, தூக்கம்.

மனம் லேசானதும் இன்னொரு உறுத்தல் வரும்: இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமோ என்று. லூயிஸுக்கும் வந்தது. சிரித்தால் இறந்தவருக்குத் துரோகம் என்று வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் சமூகத்தில் அது இன்னும் கூர்மையாக உறுத்தும். துரோகம் அல்ல அது. பிறகு புகழ்வதன் பக்கம் லூயிஸின் மனம் திரும்பியது: கொடுத்தவராகக் கடவுளையும், கொடுக்கப்பட்ட வரமாக ஜாயையும். இறந்தவரின் குணங்களை, கோபத்தையும் கிண்டலையும் சேர்த்தே, வீட்டில் வாய்விட்டுப் பேசுவது எவருக்கும் எளிதாகக் கைகூடும் வழி. பிள்ளைகளிடம் மட்டும் வற்புறுத்தக் கூடாது. தாயைப் பற்றி லூயிஸ் பேச்செடுத்தபோதெல்லாம் ஜாயின் இரண்டு பையன்களும் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். மூத்தவனுக்கு 16 வயது, இளையவனுக்கு 14. தாய் போன வீட்டில் அவர்களை வளர்க்கும் பொறுப்பும் அவருடையதாகவே இருந்தது.

ஏன் என்ற கேள்விக்கு லூயிஸுக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. விடை இல்லாமலே ஜெபிக்க முடிந்தது. அதுதான் அவருக்குக் கிடைத்த நம்பிக்கை. 1940-ல் எழுதிய நூலைவிட இந்தக் குறிப்புகள் துக்கத்தில் இருப்பவர்களுக்கு நெருக்கமாக இருப்பதும் அதனால்தான். 1963 நவம்பர் 22 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட அதே நாளில், அவர் காலமானார். அதன் பிறகே புத்தகம் அவருடைய சொந்தப் பெயரில் வந்தது.

மாதங்கள் கடந்தும் தூக்கமும் பசியும் திரும்பாமல், சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால், ஜெபத்தோடு மருத்துவரையும் நாடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். துக்க வீட்டுக்குப் போகிறவராக இருந்தால், பதினாறாம் நாள் காரியமோ நாற்பதாம் நாள் பூசையோ முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு இன்னொரு முறை போய்வாருங்கள்.