பாட்டிலைத் திறந்து பார்ப்போம்

குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியின்போது, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலைசுற்றி மைதானத்தின் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். அருகில் இருந்த அவளது தண்ணீர் பாட்டிலோ நிறைந்திருந்தது. "ஏம்மா குடிக்கலை?" என்று கேட்டேன். "வாடை அடிக்குது டீச்சர். உறிஞ்சினாலும் சரியா வரமாட்டேங்குது" என்றாள்.

தண்ணீர் குடியுங்கள் என்று தினமும் சொல்லும் நான், அதை எதில் குடிக்கிறார்கள் என்று பார்த்ததே இல்லை.

மறுநாள் அறிவியல் பாடவேளையில் எல்லாப் பாட்டில்களையும் திறந்தோம். வெளியே பளிச்சென்று இருந்தவற்றிலும் உட்புறம் விரலுக்கு வழுக்கியது. மூடியின் வாஷரைக் கழற்றினால், அதன் பள்ளத்தில் கறுப்பாகப் பூஞ்சை! நுண்ணுயிரிகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாக்கும் இந்த வழுக்கலே உயிரிப்படலம். வெறும் நீரில் அலசினால் இது போகாது, தேய்த்தால்தான் போகும். இனிப்பு கலந்த எலுமிச்சைச் சாறு போன்றவற்றை ஊற்றிவைத்தால் இன்னும் வேகமாக வளரும்.

சுத்தம் செய்யும் முறை

1. மூடி, வாஷர், உறிஞ்சுகுழல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழற்ற வேண்டும்.
2. தினமும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்க்க வேண்டும். குழலுக்கு மெல்லிய பிரஷ் தேவை.
3. வாடை இருந்தால், அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்து, நன்றாக அலச வேண்டும்.
4. மூடாமல் கவிழ்த்து முழுமையாக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடிவைப்பதுதான் வாடைக்கு முதல் காரணம்.

பழுது பார்த்தல்

ஒழுகும் பாட்டிலில் நீர் நிரப்பி, துடைத்து, காகிதத்தின்மேல் கவிழ்த்து வைத்தோம். ஈரம் மூடியின் ஓரத்தில் தெரிந்தால் வாஷரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது மடங்கியோ தலைகீழாகவோ இருக்கும். சரியாகப் பொருத்தினால் போதும். வெடித்திருந்தால் அதே அளவுள்ள வாஷரை மாற்றலாம். பாட்டிலிலேயே விரிசல் என்றால் பசைபோட்டு ஒட்ட வேண்டாம். குடிநீரில் பசை கலக்கக்கூடும்.

அந்த மாணவியின் பாட்டிலில் பழுது வேறு. மூடியிலிருந்த சிறு காற்றுத்துளை, காய்ந்த சர்க்கரைக் கசடால் அடைபட்டிருந்தது. நீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் உள்ளழுத்தம் குறையும், உறிஞ்சுவது கடினமாகும். வெந்நீரில் ஊறவைத்து மென்மையாகத் தேய்த்ததும் அடைப்பு நீங்கியது. 'விசையும் அழுத்தமும்' பாடத்தில் காற்றழுத்தத்துக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைத்ததில்லை. துளையை விரலால் மூடி உறிஞ்சு, பிறகு திறந்து உறிஞ்சு என்றால், ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள்.

தொடக்க வகுப்புகளில் கழற்றுதல், பொருத்துதல், உலர்த்துதல் ஆகியவற்றை மட்டும் செய்யச் சொல்லலாம். வெந்நீரை ஆசிரியரே கையாள வேண்டும். யாருடைய பாட்டிலையும் காட்டி மற்றவர் சிரிக்க இடம் தரக்கூடாது. நான் முதலில் திறந்தது என்னுடைய பாட்டிலைத்தான். அதிலும் வழுக்கியது!

இப்போது எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம் பாட்டில் சோதனை நடக்கிறது. அந்த மாணவி இப்போது பயிற்சிக்கு இடையில் தானாகவே தண்ணீர் குடிக்கிறாள். நாளை உங்கள் வகுப்பிலும் ஒரு மூடியைக் கழற்றிப் பாருங்கள்.