பால் பல்லில் தொடங்கும் எலும்பு நோய்

ஆறாம் வகுப்பில் சேரும் மாணவர்களின் பதிவேடுகளைப் புரட்டும்போது, ஒன்றாம் வகுப்பில் எழுதிய உடல்நலக் குறிப்பே மாறாமல் தொடர்வதைப் பார்க்கிறேன். சில நோய்களுக்கு அது போதாது. ஹைப்போபாஸ்படேசியா என்னும் அரிய எலும்பு நோய் அத்தகையது.

எலும்பும் பல்லும் கெட்டிப்பட அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி தேவை. மரபணு மாற்றத்தால் அது குறைவாகச் செயல்படுவதே இந்நோய். 1948இல் கனடா மருத்துவர் ராத்பன் இதற்குப் பெயரிட்டார்.

வயதுக்கேற்ப இதன் அறிகுறிகள் மாறுகின்றன. மழலைப் பருவத்தில் பல்தான் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். பால் பற்கள் வழக்கமாக ஆறு வயதையொட்டி, வேர் கரைந்த பின் விழும். இந்நோயில் ஐந்து வயதுக்கு முன்பே, வேரோடு விழுந்துவிடும். தொடக்க வகுப்புகளில் வாத்து போன்ற நடை, கால்வலி, சீக்கிரமே வரும் களைப்பு ஆகியவை தெரியலாம். வளரிளம் பருவத்தில் சிலருக்கு இவை தணியும். நோய் தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணிவிடும் காலம் இதுவே. ஆனால், பெரியவரான பின் பாத எலும்பில் விரிசல் விழுந்து, ஆறாமல் நீடிக்கலாம்.

கால்வலி என்றதும் பாலும் வெயிலும் போதும் என்று பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறோம். இந்நோய்க்குக் காரணம் சுண்ணாம்புச் சத்துக் குறைவு அன்று. மருத்துவர் சொல்லாமல் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் கொடுப்பது தீங்காகவும் முடியலாம். இரத்தப் பரிசோதனையில் நொதி அளவு தெரிந்துவிடும். ஆனால், குழந்தைகளுக்கு இது இயல்பாகவே பெரியவர்களைவிட அதிகம் என்பதால், குழந்தையின் வயதுக்குரிய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். குறைந்த நொதிக்கு ஈடாகச் செலுத்தும் ஊசிமருந்து 2015 முதல் சில நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

நோயைக் கண்டறிவது மருத்துவர் பணி. மாற்றத்தைக் கவனிப்பது நம் பணி. ஐந்து வயதுக்கு முன் வேரோடு பல் விழுந்ததாகத் தெரிந்தால், பல்லைப் பத்திரப்படுத்தி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நோய் உறுதியான குழந்தையாக இருந்தால், ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த ஆண்டு எங்கே வலிக்கிறது? எந்த விளையாட்டை மருத்துவர் அனுமதித்திருக்கிறார்? பதில்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த வகுப்பாசிரியருக்கு அது உதவும்.