தரம் 6இல் போட்ட ஊசி

நான் தரம் 6இல் படித்தபோது எம்.ஓ.எச். அலுவலகத்திலிருந்து வந்து எங்களுக்கு ஊசி போட்டார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. கை வலித்தது நினைவிருக்கிறது. எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் பலருக்கு வைத்தியராகும் கனவு. அவர்களிடம் அந்த ஊசியைப் பற்றிக் கேட்டேன். ஒருத்தி ‘ஏற்பு ஊசி’ என்றாள். இன்னொருத்தி ‘ருபெல்லா’ என்றாள். நாளைய மருத்துவ மாணவிகளுக்கே தெரியவில்லை. எனக்கும் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அது மனித பப்பிலோமா வைரசுக்கு, அதாவது எச்.பி.வி.க்கு எதிரான தடுப்பூசி. இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இவ்வைரசே காரணம் என்பதைக் கண்டறிந்த ஜெர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் பல வகைகளுள் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே இப்புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்தை உண்டாக்குகின்றன.

இவ்வைரசு தாம்பத்திய உறவின் மூலம் தொற்றுகிறது. பெரும்பாலானோரின் உடல் அதைத் தானாகவே அழித்துவிடும். சிலரில் அது தங்கி, கலங்களை மெல்ல மாற்றும். அம்மாற்றம் புற்றுநோயாகப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும்.

“சின்னப் பிள்ளைக்கு ஏன் இந்த ஊசி?” என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். தொற்று வருமுன் போட்டால்தான் முழுப்பயன். சிறு வயதில் நோயெதிர்ப்பும் நன்றாக உருவாகும். ஊசியில் இருப்பது வைரசின் வெளியுறைப் புரதம் மட்டுமே. அதில் வைரசின் டி.என்.ஏ. இல்லாததால் அது நோயைத் தராது. பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்ற பேச்சுக்கும் ஆதாரமில்லை.

இதையெல்லாம் உம்மாவிடம் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது: உம்மாவின் காலத்தில் இந்த ஊசியே இல்லை. அவருக்கு இருக்கும் வழி பப் பரிசோதனைதான். சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகச் செய்கிறார்கள். கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை எடுத்துப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. மாற்றத்தை முன்கூட்டியே கண்டால் புற்றுநோயாகுமுன் குணப்படுத்தலாம்.

உம்மாவுக்கு இப்போது 45. முதல் முறை அவர் போகவில்லை. “எனக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே மகள்” என்றார். உண்மையில் அவருக்கு வெட்கம். வருத்தம் தெரியுமுன் செய்வதுதான் இந்தப் பரிசோதனை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “நீயும் வருவாயா?” என்று கேட்டார்.

வரும் செவ்வாய்க்கிழமை இருவரும் போகிறோம். தோழியரே, ஊசி நமக்குப் போட்டாயிற்று. உங்கள் உம்மாவிடம் இன்றே கேளுங்கள்.